திங்கட்கிழமை வில்வம்

ஐப்பசி 3, செவ்வாய்

விடியத் தொடங்கிய மழை. மகளுக்கு எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு முடிந்தது.

படைத்தவை: சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், சரசுக்குப் பிடித்த பயற்றம் பணியாரம். கூப்பன் அரிசி போதவில்லை. முன்வீட்டுச் சிங்களப் பெண் சோமா நோனா ஒரு சுண்டு அளந்து தந்தாள்.

இது சரசின் பள்ளிக் கொப்பி. முன் பாதியில் அவளுடைய கணக்கு. பின் பாதி வெறும் தாள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. வாய்விட்டு அழுதால் இவர் எழும்பி வெளியே போய்விடுகிறார். அதனால் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் மனதில் ஆறவில்லை. போன செவ்வாய் அவள் போன காலையில் இவர் வீட்டில் இல்லை. பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது, இவர் இருட்டோடு சட்டையைப் போடுகிறார். "கந்தோருக்கு ஒருக்காப் போய் முகத்தைக் காட்டிப்போட்டு ஓடி வாறன்" என்றார். திரும்பி வந்தபோது நான் அவளுக்குத் தாடை கட்டியிருந்தேன். அரசாங்கக் கந்தோரில் பியோன் வேலை. பெட்டி தூக்கி, பைல் தூக்கிக் கொடுக்கிற வேலை. அன்றைக்கு அப்படி என்ன அவசரம்? கேட்கவில்லை. கேட்டால் இவரும் விழுந்துவிடுவார்.

பின்னேரம் துக்கம் விசாரிக்க ஆட்கள். கிருலப்பனைச் சனம் வந்து ஒப்பாரி வைத்துப் போனது. எல்லோரும் போனபிறகு ஒருவர். கறுப்புக் குடை, வெள்ளைக் கோட்டு, சிங்களவர். "விசாரிக்க வந்தது, அம்மா" என்றார் உடைந்த தமிழில். இவருடைய கந்தோர் ஆளாக்கும் என்று பாய் போட்டேன். இவர் இல்லை, இரவல் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தார்.

நல்ல மனிதர். மற்றவர்கள் "விதி" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டார்கள். வந்தவர் சரசைப் பற்றிக் கேட்டார். என்ன காய்ச்சல், எத்தனை வயது, என்ன மருந்து. அவருடைய தமிழ் முடிந்துபோக நான் சிங்களத்தில் சொன்னேன். நெஞ்சுச்சளிக் காய்ச்சல். பதினாறு. ஆஸ்பத்திரியில் குளிசை மருந்து இல்லை, பட்டாளத்துக்கு மட்டும்தான் என்றார்கள். கறுவாத்தோட்டத்தில் வெளிநாட்டுத் தூதர் கொன்சல் துரை வீட்டில் சமைக்கிற வேலாயுதம் எடுத்துத் தந்தார். இந்தியாக்காரர், நல்ல சிவபக்தர். இவருக்கு அவரைக் கொட்டாஞ்சேனைச் சிவன்கோவிலில் பழக்கம்.

சும்மா தந்தாரா என்று கேட்டார். சும்மாதான், ஆனால் இவர் திங்கட்கிழமைகளில் கந்தோரிலிருந்து இலை கொண்டுபோய்க் கொடுக்கிறவர் என்றேன். என் சிங்களம் சந்தைச் சிங்களம். இலைக்கு 'கொள' என்று தெரியும். வில்வத்துக்குச் சொல் தெரியாது. அதனால் கொள என்று சொல்லி, மூன்றிதழ் என்று காட்ட மூன்று விரலைப் பிடித்தேன். நானே துடைத்து, கிழிசல் இல்லாததாகப் பார்த்து, கந்தோர்க் கவரில் அடுக்கிக் கொடுப்பேன் என்றும் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தேத்தண்ணீர் முழுவதும் குடித்தார். எழும்பும்போது "ஆயெத் என்னங்" என்றார். திரும்பி வருவேன் என்று.

செத்தவீட்டில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பேசாமல் எழும்பிப் போவார்கள். சிங்களவர், எங்கள் முறை தெரியாதாக்கும் என்று நினைத்தேன். சோமா நோனாவைக் கேட்டேன். தங்கள் ஆட்களும் சொல்வதில்லை என்றாள்.

ஐப்பசி 4, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

காலையில் இவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது சொன்னேன், நேற்று உங்கட கந்தோர் ஆள் ஒருத்தர் வந்து விசாரித்தவர் என்று.

"ஆர்?"

"கறுத்தக் குடை. சிங்கள ஆள்."

கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன கேட்டவன்?"

"சரசைத்தான் கேட்டவர். குளிசை. பிறகு இலை."

"என்ன இலை?"

"என்னப்பா கேள்வி இது? வில்வந்தான். வேற என்ன இலை கொண்டு போறனீங்கள்?"

கோப்பையை எட்டத் தள்ளினார். பிறகு, "இனி ஆர் வந்தாலும் சிங்களம் தெரியாதெண்டு சொல்லு. தமிழும் தெரியாதெண்டு சொல்லு" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. சரசு போனபிறகு முதல் சிரிப்பு. தேத்தண்ணீரைக் குடிக்காமல் போனார்.

விளக்கு வைத்தாயிற்று. இன்னும் வரவில்லை.

ஐப்பசி 5, வியாழன்

இவர் வரவில்லை. அவர்கள் வந்தார்கள்.

நாலு பேர், இரகசியப் பொலிஸ். குடைக்காரரும் கூட. செருப்போடு உள்ளே வந்தார். நேற்றுமுன்தினம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தவர். "துக்கம் விசாரிக்க வந்த ஆளெல்லோ நீங்கள்" என்றேன். "விசாரிக்கத்தான் வந்தது" என்றார். பொய் சொல்லவில்லை. விசாரிக்க என்று அவர் சொன்னதை நான் துக்கத்துக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

கொண்டுபோனவை: சரசின் புத்தகங்கள் முழுவதும். குளிசைப் போத்தல். என் அக்கா பருத்தித்துறையிலிருந்து போட்ட தபால்கள். இவருடைய பழைய கந்தோர்க் கவர்கள். இந்தக் கொப்பியைப் புரட்டிக் கணக்கைப் பார்த்துவிட்டு எறிந்தார்கள்.

சாமி அறையில் ஓலைப்பெட்டியில் பழைய வில்வம் கொஞ்சம் காய்ந்து கிடந்தது. பெட்டியைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்தார்கள். இலை நிலத்தில். அதன்மேலே நடந்தார்கள். விளக்குமாறு படாமல் கையாலேயே அள்ளினேன், சிவனுக்குப் போகிற இலை.

பெயர் கேட்டார்கள். இவருடைய பெயரை நான் எப்படிச் சொல்வது. ஊமை மாதிரி நின்றேன். நான் சொல்லவில்லை என்பதையும் எழுதினார்கள். கடைசியில் ஹமீது நானா வாசலில் நின்று "கந்தையா, கந்தையா" என்று கத்தினார்.

ஹமீது நானாவுக்கு எங்கள் ஒழுங்கையின் முனையில் பலசரக்குக் கடை, ஒரு பக்கம் தேத்தண்ணீர். இப்போது அங்கே ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். வாங்குப் பலகையில் இருந்தபடி எங்கள் வாசலைப் பார்க்கிற வேலை. நானா அவனைப் பார்த்துக் கேட்டது எனக்குக் கேட்டது: "மாத்தையாவுக்கு இன்னொரு ப்ளேன்டீ ஊத்தவா? காலைல ஈந்து ஆறாவது. உளவு பாக்குறதுக்கு முன்னுக்கு ஒண்ணுக்குப் போக வேண்டி வரும், சொல்லிட்டன்." அவனும் சிரித்தான். எனக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம்.

ஐப்பசி 6, வெள்ளி

பின்னேரம் முருகேசு கிளாக்கர் வந்தார். இவருடைய கந்தோரில் தலைமைக் கிளாக்கர், யாழ்ப்பாணத்து ஆள். பின்பக்க வேலியால் வந்தார். பெரிய மனிதர் வேலியால் வருகிற காலம். சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார்.

இவரை மறியலில் அடைத்திருக்கிறார்கள். புதன் காலை கந்தோர்க் கதவுக்குள்ளேயே பிடித்தார்களாம்.

விஷயம் இது. அரிசிக் கப்பல் எப்ப வரும், எந்த வழியால் வரும் என்று எழுதின காகிதம் ஒன்று. பெரிய துரையின் மேசையில் இருந்தது. போன கிழமை திங்கள் பின்னேரம் பார்த்தபோது இல்லை. செவ்வாய் காலை பார்த்தால் இருந்தது. அதில் இருந்தது கொன்சல் துரைக்குத் தெரிந்துவிட்டது. எப்படியோ எங்கள் அரசாங்கத்துக்கு அது தெரிந்து, யார் கொடுத்தது என்று தேடுகிறார்கள்.

"அதுக்கு இவர் என்ன செய்தவர், ஐயா?"

"பிள்ளை, நீதான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டியே."

"நான் என்ன சொன்னனான்?"

"எழுதிக்கிடக்கு. என்ர புருஷன் திங்கட்கிழமையிலை கந்தோரிலை இருந்து காகிதம் எடுத்துக் கொன்சல் வீட்டுக்குக் குடுக்கிறவர். மூண்டு மூண்டு தாள். நான்தான் பார்த்து, அடுக்கி, கவரிலை போட்டுக் குடுக்கிறனான். பதிலுக்கு மருந்து தந்தவை. இப்பிடி எழுதிக்கிடக்கு."

"ஐயோ, இலை எண்டெல்லோ சொன்னனான்!"

"சிங்களத்திலை என்னெண்டு சொன்னனீ?"

"கொள எண்டு."

கிளாக்கர் நெற்றியில் அடித்தார். "மரத்திலை கிடந்தாலும் கொள. மேசையிலை கிடந்தாலும் கொள. அவங்களுக்கு இரண்டும் ஒண்டு, பிள்ளை."

என் வாயை நெருப்பால் சுட்டாலும் போதாது.

போகும்போது மெல்லச் சொன்னார்: "பெரிய துரை ஞாயிறுக்கு ஞாயிறு கொன்சலோடை சீட்டு விளையாடுறவர். அதை ஒருத்தரும் எழுதமாட்டினம். பியோன் இலை கொண்டு போனா எழுதுவினம். நான் வந்ததைச் சொல்லிப்போடாதை." பிறகு வேலி. வேட்டி கம்பியில் கொழுவிக் கிழிந்தது.

இவருக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். சண்டைக்காலச் சட்டம், என்னவும் செய்வார்கள் என்றார். கயிறு என்று அவர் சொல்லவில்லை. கழுத்தைத் தடவினார்.

ஐப்பசி 7, சனி

சோமா நோனா வில்வத்துக்குச் சிங்களம் சொல்லித் தந்தாள். பெலி. பெலி கொள. இவ்வளவுதான். இந்த ஒரு சொல் செவ்வாய்க்கிழமை என்னிடம் இருந்திருந்தால்.

கோட்டைக்கு பஸ்ஸில் போனேன். செத்தவீட்டுத் துடக்குச் சேலையோடு. வழி முழுக்க பெலி கொள, பெலி கொள என்று வாய்க்குள். பக்கத்தில் இருந்த கிழவி தள்ளி இருந்தாள், பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

பொலிஸ் கந்தோர் வாசலில் நிற்க வைத்தார்கள். மதியம் போயிற்று. குடைக்காரர் படி இறங்கி வந்தார். ஓடிப்போய்ப் படியடியில் நின்று "மாத்தையா, பெலி கொள! பெலி கொள!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

அவர் கோபிக்கவில்லை. சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: அன்றைக்குத் தெரியாத சொல் இன்றைக்கு எப்படித் தெரியும்? யார் சொல்லித் தந்தது? யார் வீட்டுக்கு வந்தது?

சோமா நோனா பெயரைச் சொல்லவில்லை. கிளாக்கர் பெயரையும் சொல்லவில்லை. வேலியைப் பற்றி நினைத்தேன், முகத்தில் தெரிந்திருக்குமோ. எதைச் சொன்னாலும் இன்னொரு ஆளுக்குக் கயிறு.

குடையை விரித்து என் தலைக்கு மேலும் பிடித்து பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அதுதான் தாங்கவில்லை. அடித்திருக்கலாம்.

ஐப்பசி 8, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை. கடற்கரை ரெயில் போகும்போதெல்லாம் சரசு எழும்பிச் சன்னலுக்கு ஓடுவாள், கல்கிசைக்குப் போகிறதா கோட்டைக்குப் போகிறதா என்று பார்க்க. இன்றைக்கும் ரெயில் போயிற்று.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இவர் இல்லாமல் யார் கிரியை செய்வது.

வேலாயுதத்தைக் கொன்சல் வீட்டு மதிலுக்கு வெளியே விடுவதில்லையாம், ஹமீது நானா கேள்விப்பட்டது. அந்த மதிலுக்குள் எங்கள் பொலிஸ் போக ஏலாதாம். "தங்கச்சி, அவன் தப்பிட்டான். மதில் ஈக்கிறவன் தப்புவான்."

எங்களுக்கு வேலி.

ஐப்பசி 9, திங்கள்

சோமவாரம். கை பழக்கத்தில் ஓலைப்பெட்டியை எடுத்தது. வெறும் பெட்டி.

எடுத்த இடத்திலேயே இருந்துவிட்டேன். அடுப்பு அணைந்தது தெரியாது.

வில்வம் திங்கட்கிழமை பறிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அது தவறியதே இல்லை. கந்தோர் வளவில் நிற்கிற மரத்தில் இவர் சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து பறித்து வருவார். நான் ஈரத்துணியில் சுற்றி வைப்பேன். ஞாயிறு பார்த்துத் துடைப்பேன். திங்கள் கவரில் போட்டுக் கொடுப்பேன். இவர் வேலை முடிந்து கொன்சல் வீட்டுப் பின்கதவில் வேலாயுதத்திடம் கொடுத்துவிட்டு வருவார்.

சரசுக்குக் கடுமையான கிழமை. அந்தச் சனிக்கிழமை இவர் இலை கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு ஓடி வந்தார், ஆஸ்பத்திரியில் குளிசை இல்லை என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள். ஞாயிறு நான் எதையும் துடைக்கவில்லை. திங்கள் கவர் கொடுக்கவில்லை. பிள்ளையின் தலைமாட்டை விட்டு நான் எழும்பவே இல்லை.

ஆனால் திங்கள் இரவு குளிசை வந்தது. கொன்சல் வீட்டுக்குப் போய் வந்தேன் என்றார்.

திங்கள் பறித்திருக்கமாட்டார். செத்தாலும் மாட்டார். அப்படியென்றால் அன்றைக்கு எதைக் கொண்டு போனார்?

திங்கள் பின்னேரம் காகிதம் மேசையில் இல்லை. செவ்வாய் காலை மேசையில் இருந்தது.

செவ்வாய் காலை. பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. ஒருக்காப் போய் முகத்தைக் காட்டிப்போட்டு ஓடி வாறன்.

நான் இவரைத் திட்டினேன். இத்தனை நாளும் மனதுக்குள் திட்டினேன்.

இல்லை. மழையில் உதிர்ந்த இலையைப் பொறுக்கியிருப்பார். உதிர்ந்ததைப் பறித்ததாகச் சொல்லமுடியாது. அப்படி இருக்கலாம். வேலாயுதம் சும்மாவும் கொடுத்திருக்கலாம், பிள்ளைக்கு என்று கேட்டால் யார் கொடுக்கமாட்டார்கள். சிவனே, உதிர்ந்த இலையாக இருக்கட்டும்.

ஐப்பசி 11, புதன்

இவரைப் பார்க்க விட்டார்கள். ஹமீது நானா யாரையோ பிடித்துக் கேட்டுத் தந்த தயவு. நேற்று முழுவதும் அதற்கே அலைச்சல். பொரளையில் இறங்கி நடந்தேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் இவர். தாடி. கழுத்து எலும்பு தெரிகிறது. எங்களுக்கு நடுவில் ஒரு சிங்களப் பொலிஸ்காரன், கொஸ்தாப்பு. தமிழ் கதைக்கக் கூடாது, தனக்கு விளங்குகிற பாஷையில் கதைக்க வேண்டும் என்றான்.

கட்டின நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சிங்களத்தில் கதைத்ததில்லை. வெட்கமாக இருந்தது, அந்நிய ஆளோடு நிற்கிற மாதிரி.

சாப்பிட்டீங்களா என்று சிங்களத்தில் கேட்டேன். சாப்பிட்டேன் என்றார். மழை என்றேன். மழை என்றார். சொல் முடிந்துபோயிற்று.

பிறகு நான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். கொஸ்தாப்புக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக. "பெலி கொள, நேத?" வில்வம் இலைதானே என்று. இவர் ஓம் என்றால் போதும். பெலி கொள என்று ஒருதரம் திருப்பிச் சொன்னால் போதும். கொஸ்தாப்பு கேட்டிருப்பான், மேலே சொல்லியிருப்பான்.

இவர் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "துவட்ட பெஹெத் துன்னா, நே."

மகளுக்கு மருந்து கொடுத்தோம்தானே.

கொஸ்தாப்பு கொட்டாவி விட்டான்.

ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அதட்டினான். இவர் அழவில்லை. நான் அழவில்லை. கையை நீட்டினேன், கை நுழையக் கம்பி இடைவெளி காணாது.

வாசலில் வரும்போது குடைக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். வெள்ளி காலை நீதவான் முன்னால் நான் திரும்ப வாக்குமூலம் கொடுக்கலாமாம். இந்தமுறை தமிழில். மொழிபெயர்க்க ஒரு முதலியார் இருப்பார். பிழை வராதாம்.

ஐப்பசி 12, வியாழன்

மழை. சேலை காயவில்லை.

சோமா நோனா சந்தோஷப்படுகிறாள். "இனிப் பயமில்லை அக்கே, உன் பாஷையில் சொல்லலாம்" என்கிறாள். ஓம் என்றேன்.

அவளுக்கு எப்படிச் சொல்வது. சிங்களத்தில் இரண்டுக்கும் ஒரு சொல். அன்றைக்கு நான் இலையை நினைத்துக்கொண்டு கொள என்றேன், அவர் காகிதம் என்று எழுதினார். நான் பொய் சொல்லவில்லை. அவர் எழுதியதும் பொய்யில்லை, அந்த ஒரு திங்களுக்கு. தமிழில் இலை வேறு, காகிதம் வேறு. நாளைக்கு இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். ஒளிக்க இடமில்லை.

இதை எழுதினது பிழை. என் பக்கங்களைக் கிழிக்கப் பார்த்தேன். நடுவில் ஒரே நூல். இழுத்தால் சரசின் பக்கமும் கழன்று வருகிறது. கணக்கு ஒன்றுக்குக் கீழே தன் பெயரை நாலுதரம் எழுதிப் பார்த்திருக்கிறாள். விட்டுவிட்டேன். உமிப் பானைக்குள் போட வேண்டும்.

நாளைக்குக் கேட்டால் சொல்ல வேண்டியவை:
சனி பறித்தது.
ஞாயிறு நான் துடைத்தது.
திங்கள் நான் கவரில் போட்டது.
அந்தத் திங்களும். அந்தத் திங்களும் நான்தான் போட்டேன்.

ஹமீது நானா நாளைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வருகிறாராம். "கூட வாறன் தங்கச்சி. ஒனக்குப் பயமா ஈந்தா என்ட மூஞ்சப் பாரு, பயம் போகாட்டி சிரிப்பாவது வரும்." வரட்டும்.

சத்தியம் பண்ணச் சொல்வார்களோ. சரசின் பெயரில் கேட்டால்? செத்த பிள்ளைமேல் பொய்ச் சத்தியம் பண்ணினால் யாருக்குச் சேரும், அவளுக்கா எனக்கா? கேட்க ஆளில்லை.

பண்ணுவேன்.

சாமி விளக்குக்கு முன்னால் இருந்து சொல்லிப் பழகினேன். இலை, ஐயா. வில்வம் இலை. மூன்றாம்தரம் சொல்லும்போது நாக்குத் தடக்கி மற்றச் சொல் வந்துவிட்டது. வெளியே கடை வாங்கில் இருக்கிற ஆள் தலையைத் திருப்பினான். மழையில் கேட்டிருக்காது.